கிரிட் ஒரு காடு மாதிரி இருந்தா என்ன?

பொதுவா இங்க சர்வர், டேட்டாபேஸ், நெட்வொர்க்னு பேசுவோம். இன்னைக்கு அதைவிடப் பெரிய ஒரு நெட்வொர்க்கைப் பத்திப் பேசலாம். நம்ம வீட்டு ஸ்விட்ச்சில ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பரவியிருக்கிற மின்தொகுப்பு, அதாவது கிரிட். கேள்வி இதுதான்: காடு, சதுப்பு நிலம், ஒரு சாதாரண இலை, இதெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா அடி வாங்கியும் நிக்குது. கிரிட் வடிவமைக்கிறவங்க அதுகிட்ட இருந்து கத்துக்க ஏதாவது இருக்கா? இல்ல, கேக்க நல்லா இருக்கிற உவமை மட்டும்தானா?

ரெண்டும் உண்டு. எது பாடம், எது வெறும் உவமைன்னு பிரிச்சுப் பாக்கணும். அதுக்கு முதல்ல 2012-க்குப் போவோம்.

ஒரு லைன் போனா என்ன ஆகும்?

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. மத்தியப் பிரதேசத்துல பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆச்சு. மேற்கு மண்டலத்துல இருந்து வடக்கு மண்டலத்துக்கு மின்சாரம் போற முக்கியமான பாதை அது. இதுல ஆச்சரியம் என்னன்னா, அந்த லைன்ல எந்தப் பழுதும் இல்ல. அதே வழித்தடத்துல பல லைன்கள் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. மிச்சம் இருந்த லைன்ல சுமை ஏறிக்கிட்டே போச்சு. காவலுக்கு வச்சிருந்த ரிலே, அந்த அதிக சுமையைப் பழுதுன்னு எடுத்துக்கிட்டு லைனைத் துண்டிச்சுது. அந்த லைன் தூக்கிட்டிருந்த சுமை அடுத்தடுத்த பாதைகளுக்குத் தாவ, அதுகளும் வரிசையா விழுந்தன. வடக்கு மண்டலம் முழுக்க இருட்டு.

மறுநாள் மதியம் 1 மணிக்கு அதே லைன், அதே மாதிரி ட்ரிப் ஆச்சு. இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு மூணு மண்டலமும் விழுந்தது. சுமார் 60 கோடிப் பேர் வாழுற பகுதி. ரயில்கள் நடு வழியில நின்னுச்சு.

சாஃப்ட்வேர்ல வேலை செய்றவங்களுக்கு இது பழகின கதைதான். பத்து சர்வர்ல ஒண்ணு விழுந்தா, அதோட வேலை மத்த ஒன்பதுக்கும் போகும். அந்த ஒன்பதும் ஏற்கெனவே மூச்சு முட்டிட்டிருந்தா அடுத்தது விழும், அப்புறம் அதுக்கு அடுத்தது. ஒரே ஒரு வித்தியாசம்: நம்ம லோடு பேலன்சர்கிட்ட "இந்தப் பக்கம் அனுப்பாதே"ன்னு சொல்லலாம். சாதாரண ஏசி கிரிட்ல மின்சாரத்துகிட்ட அப்படிச் சொல்றது கஷ்டம். தடை எங்க கம்மியோ அங்க அதிகமாப் பாயும், அதுவும் கண் இமைக்கும் நேரத்துல.

எலுமிச்சை இலையைக் கொஞ்சம் பாருங்க

முடிஞ்சா ஒரு எலுமிச்சை இலையைப் பறிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு பெரிய நரம்பு, அதுல இருந்து கிளைகள். அந்தக் கிளைகளுக்கு நடுவுல ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி வளையங்கள். வலை மாதிரி.

எல்லா இலையும் அப்படி இல்ல. ஜிங்க்கோன்னு ஒரு பழமையான மர வகை. அதோட இலையில நரம்புகள் விசிறி மாதிரி ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சுகிட்டே போகும், திரும்ப ஒண்ணு சேராது. அமெரிக்காவுல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல எலெனி காட்டிஃபோரி, மார்செலோ மக்னாஸ்கோ குழுவினர் ரெண்டு இலையிலயும் ஒரு ஓட்டையைப் போட்டு, ஒளிரும் சாயத்தை உள்ளே அனுப்பிப் பார்த்தாங்க. ஜிங்க்கோ இலையில ஓட்டைக்கு மேல இருக்கிற பகுதிக்குச் சாயம் போகல. எலுமிச்சை இலையில ஓட்டையைச் சுத்திக்கிட்டு வளையங்கள் வழியாப் போய்ச் சேர்ந்திடுச்சு.

2010-ல அவங்க வெளியிட்ட கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரே சீரான ஓட்டத்தை மட்டும், குறைஞ்ச செலவுல கொண்டுபோகணும்னா கிளை கிளையாப் பிரியிற மர வடிவம்தான் சிறந்தது. வளையம் வீண் செலவு. ஆனா ரெண்டு விஷயத்துல ஒண்ணைச் சேர்த்தாலே வளையம் தானா முளைக்குது. ஒண்ணு, எந்த நரம்பும் எப்ப வேணும்னாலும் அறுந்து போகலாம்ங்கிற நிலை. இன்னொண்ணு, இலையோட ஒவ்வொரு பகுதிக்கும் தேவை நேரத்துக்கு நேரம் மாறும்ங்கிற நிலை.

இப்ப நம்ம தெருவுக்கு வருவோம். துணைமின் நிலையத்துல இருந்து வர்ற 11 கிலோவோல்ட் ஃபீடர் பல ஊர்கள்ல ஜிங்க்கோ மாதிரிதான். ஒரே தண்டு, கிளைகள், கடைசியில டிரான்ஸ்ஃபார்மர். நடுவுல ஒரு கம்பம் சாஞ்சா அதுக்கு அப்புறம் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இருட்டு. பெரிய நகரங்கள்ல நிலத்தடி கேபிள் போட்ட இடங்கள்ல தெருவோரமா ரிங் மெயின் யூனிட்னு பெட்டிகள் இருக்கும், பாத்திருப்பீங்க. அது எலுமிச்சை இலை யோசனை. ரெண்டு பக்கத்துல இருந்தும் மின்சாரம் வர வழி இருக்கும். ஆனா வழக்கமா அந்த வளையத்தை ஒரு இடத்துல திறந்தே வச்சிருப்பாங்க. ஏன்னா ரெண்டு பக்கமும் ஓட்டம் இருந்தா பழுது எங்கேன்னு கண்டுபிடிச்சுத் துண்டிக்கிறது சிக்கல். பழுது வந்த பிறகு, கெட்ட பகுதியை ஒதுக்கிட்டு, அந்தத் திறப்பை மூடுவாங்க. இலைக்கு ஷார்ட் சர்க்யூட் பயம் கிடையாது, கிரிட்டுக்கு உண்டு. அதனால இயற்கையோட வடிவத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, இயக்குற முறையை மாத்திக்கிட்டாங்க.

முதலைக்கு மூணு வழியில சாப்பாடு

வளையம் நல்லதுன்னா எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைச்சிடலாமே? அங்கதான் ராபர்ட் உலனோவிச் வர்றார். சூழலியல்ல உணவு வலைகளை எண்களா மாத்தி ஆராய்ஞ்சவர். ஃபுளோரிடா சைப்ரஸ் சதுப்பு நிலத்துல இருந்து அவர் ஒரு உதாரணம் எடுக்கிறார். நன்னீர் இறாலோட சத்து, அலிகேட்டர் முதலை வரைக்கும் மூணு வழியில போகுது: பெரிய மீன் வழியா, ஆமை வழியா, பாம்பு வழியா. இதுல மீன் வழிதான் திறமையானது. மத்த ரெண்டு வழியில சேதாரம் அதிகம். ஒரு கணக்குப்பிள்ளை பாத்தா, "எதுக்கு மூணு வழி? மீன் மட்டும் போதும்"னு சொல்லிடுவார்.

ஏதோ ஒரு நோய் வந்து மீன் எல்லாம் செத்துப்போனா? அப்ப அந்தத் திறமையில்லாத ஆமையும் பாம்பும்தான் முதலையைக் காப்பாத்தும்.

உலனோவிச் இதை ஒரு அளவுகோலா மாத்தினார். ஒரு முனையில, எல்லா ஓட்டமும் கறாரா ஒரே பாதையில போற அமைப்பு. ரொம்பத் திறமை, ஆனா ஒரு அடி விழுந்தா காலி. இன்னொரு முனையில, எல்லாம் எல்லாத்தோடயும் இணைஞ்சு ஓட்டம் சிதறிப்போற அமைப்பு. எதுவும் அதை உடைக்காது, ஆனா அதுவும் உருப்படியா எதையும் கொண்டு சேர்க்காது. நிஜ உணவு வலைகளை அளந்து பாத்தா, அவை இந்த ரெண்டு முனைக்கும் போறதில்ல. நடுவுக்குச் சற்றுக் கீழே, திறமையைவிட மாற்றுவழிப் பக்கம் லேசாச் சாஞ்ச ஒரு குறுகிய இடத்துல கூட்டமா நிக்குது.

இதை நேரடியா கிரிட்டுக்குக் கொண்டுபோனவங்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல ஆஸ்ட்ரிட் லேட்டன், கேத்தரின் டேவிஸ் குழுவினர். 2019-ல வெளிவந்த அவங்க ஆய்வுல, கணினியில இருக்கிற மாதிரி கிரிட்களை எடுத்து, "உணவு வலை மாதிரி இருக்கணும்"ங்கிறதை இலக்கா வச்சு லைன்களை மாத்தி அமைச்சாங்க. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உறுப்புகளைப் பிடுங்கிப் பாத்தாங்க. புது வடிவங்கள்ல லைன்கள் தாங்குற அளவை மீறுறது குறைஞ்சுது. வழக்கமா கிரிட்டுக்கு இருக்கிற விதி "ஏதாவது ஒண்ணு போனாலும் தாங்கணும்" என்கிறது. ஒரே நேரத்துல ரெண்டு மூணு போறது அந்த விதிக்கு வெளியே. புயல் வர்றப்ப ஒண்ணு மட்டும் போறதில்லையே.

ஆனா இதுக்கு விலை உண்டு. கூடுதல் லைன்கள் வேணும். அவை பெரும்பாலான நேரம் பாதி காலியா இருக்கும்.

வழி இருந்தா போதாது, இடமும் இருக்கணும்

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவோட ஒஹையோ மாநிலம். மின்கம்பி சூடானா நீளும், நீண்டா தொங்கும். அப்படித் தொங்கின ஒரு உயர் அழுத்த லைன், கீழ வெட்டாம விட்டிருந்த மரத்தைத் தொட்டு ட்ரிப் ஆச்சு. அதோட சுமை அடுத்த லைனுக்குப் போக, அது சூடாகி, தொங்கி, இன்னொரு மரத்தைத் தொட்டுச்சு. இப்படி மூணு லைன். கட்டுப்பாட்டு அறையில அலாரம் மென்பொருள் ஒரு பக்-னால ஏற்கெனவே செத்துக் கிடந்தது, அது செத்ததே அங்க இருந்தவங்களுக்குத் தெரியல. அன்னைக்கு அமெரிக்கா, கனடா ரெண்டுலயும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போச்சு.

ஒஹையோவுல மாற்று வழிகள் இருந்தன. அந்த வழிகள்தான் விபத்தைச் சுமந்துகிட்டுப் போச்சு. காலி இடம் இல்லாத மாற்று வழி, பத்த வச்ச திரி மாதிரி.

நம்ம ஊர் விவசாயக் குடும்பங்கள்ல விதைநெல்லைத் தொட மாட்டாங்க. பசி வந்தாலும் அது குதிர்ல சும்மா கிடக்கும். வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு அது பயன்படாத நெல். கிரிட்ல அந்த விதைநெல் பல வடிவத்துல இருக்கு. பாதி காலியா ஓடுற லைன் ஒண்ணு. வால்பாறைப் பக்கம் ஆனைமலையில இருக்கிற கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இன்னொண்ணு. மின்சாரம் மிச்சமா இருக்கிறப்ப தண்ணியை மேல ஏத்தி வச்சுக்கிட்டு, தேவைப்படுறப்ப கீழ விட்டு 400 மெகாவாட் வரைக்கும் தரும். ஏத்தினதுல ஒரு பங்கு வீணாத்தான் போகும். அந்த வீண்தான் நாம கட்டுற காப்பீட்டுப் பணம்.

தெற்கு ஏன் தப்பிச்சது?

2012 கதையில ஒரு விஷயத்தை விட்டுட்டேன். அந்த ரெண்டு நாளும் தென் மாநிலங்கள் விழல. காரணம் எளிமையானது. அப்ப தெற்கு மண்டலம் மத்த மண்டலங்களோட ஒரே அதிர்வெண்ணுல இணைக்கப்படல. ஒடிசாவோட தால்சேர்ல இருந்து கர்நாடகத்தோட கோலாருக்கு வர்ற மாதிரியான நேர்மின் இணைப்புகள் வழியாத்தான் மின்சாரம் வந்தது. இந்த இணைப்பு ஒரு கதவு மாதிரி. நாம சொன்ன அளவு மின்சாரம் போகும், ஆனா அந்தப் பக்கத்துத் தடுமாற்றம் இந்தப் பக்கம் அப்படியே வராது.

சூழலியல்ல இதுக்கு இணையான யோசனை உண்டு. 1972-ல ராபர்ட் மே ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்: கண்டபடி இணைக்கப்பட்ட ஒரு பெரிய அமைப்புல, இணைப்பு கூடக் கூட அது நிலைகுலையிற வாய்ப்பும் கூடும். அப்படின்னா நிஜக் காடுகள் எப்படி நிக்குது? ஏன்னா அவை கண்டபடி இணைக்கப்படல. உள்ளுக்குள்ள நெருக்கமாவும், வெளியில மெல்லிசாவும் இணைஞ்ச சின்னச் சின்னக் குழுக்கள் அங்க இருக்கு. ஒரு குழுவுல வந்த அடி அங்கேயே அடங்கிப்போகும். கப்பலோட அடித்தளத்தைத் தடுப்புச் சுவர் வச்சுப் பிரிக்கிறதும் இதே யோசனைதான். நாம கோடு எழுதுறப்ப ஒரு சர்வீஸ் விழுந்தா மத்ததை இழுத்துட்டுப் போகாம இருக்கத் தனித்தனியாப் பிரிக்கிறோமே, அதுவும்தான்.

அப்ப பிரிஞ்சே இருந்திருக்கலாமே? இங்கதான் கொஞ்சம் நேர்மையாப் பேசணும். அதே 2012-ல தமிழ்நாடு எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா? நான் அப்ப ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன். மாவட்டங்கள்ல ஒரு நாள்ல பாதிக்கு மேல கரண்ட் இருக்காது. சிறு தொழிற்சாலைகள் ஜெனரேட்டர் டீசலுக்கே லாபத்தைக் கொட்டின காலம். அந்தப் பற்றாக்குறைக்குப் பல காரணம். அதுல ஒண்ணு, வேற மாநிலத்துல விலைக்கு மின்சாரம் இருந்தாலும் தெற்குக்குக் கொண்டுவரப் போதுமான வழித்தடம் இல்ல. எந்தச் சுவர் விபத்தைத் தடுத்ததோ, அதே சுவர் உதவியையும் தடுத்தது.

2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியா தெற்கு மண்டலம் தேசிய கிரிட்டோட இணைஞ்சது. இப்ப நாடு முழுக்க ஒரே அதிர்வெண். நம்ம காற்றாலைச் சீசன்ல மிச்சத்தை வடக்குக்கு அனுப்பலாம், இல்லாதப்ப வாங்கலாம். கூடவே, பெரிய அலை வந்தா அது நம்மையும் தொடும். காடு இந்த இடத்துல சொல்ற பாடம், "இணையாதே" இல்ல. "இணை, ஆனா வேணும்ங்கிறப்ப பிரிஞ்சு தனியா மூச்சு விடத் தெரிஞ்சுக்கோ." கிரிட்ல இதுக்கு ஐலேண்டிங்னு பேர். பெரிய தொகுப்பு விழுறப்ப, ஒரு நகரமோ ஒரு மின்நிலையத்தைச் சுத்தின பகுதியோ தன்னைத் துண்டிச்சுக்கிட்டு சின்னத் தீவா ஓடுறது.

எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகிட்டா

ஒரே ரகப் பயிரை ஊர் முழுக்கப் போட்டா, ஒரே பூச்சி மொத்தத்தையும் காலி பண்ணிடும்னு நமக்குத் தெரியும். கிரிட்ல ஒரே ரகம்னா என்ன?

ஜெர்மனியில நடந்ததைச் சொல்றேன். வீட்டு மாடிகள்ல சோலார் வர ஆரம்பிச்ச காலத்துல ஒரு விதி இருந்தது: கிரிட் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினா இன்வெர்ட்டர் உடனே துண்டிச்சுக்கணும். சில ஆயிரம் வீடுகள் இருக்கிறப்ப நல்ல விதி. லட்சக்கணக்குல ஆனப்ப? அதிர்வெண் 50.2-ஐத் தொட்ட அதே நொடியில அத்தனையும் சேர்ந்து அணைஞ்சுபோகும். பல பெரிய மின்நிலையங்கள் ஒரே நேரத்துல நின்னது மாதிரி. அந்த விபத்து நடக்கறதுக்கு முன்னாடியே கவனிச்சு, 2012-ல விதி போட்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சோலார் அமைப்புகளோட செட்டிங்கை மாத்தினாங்க. ஒவ்வொண்ணும் வேற வேற புள்ளியில, அல்லது படிப்படியா விலகுற மாதிரி.

பன்முகத்தன்மைன்னா நிலக்கரி, காற்று, சூரியன், நீர்னு விதவிதமா வச்சுக்கிறது மட்டும் இல்ல. ஆயிரம் பெட்டிகள், ஆயிரம் கூரைகள், உள்ள ஒரே ஃபர்ம்வேர், ஒரே எண்ணுன்னா, அது ஒரே பயிர்தான். நம்ம துறை கிரிட்டுக்குக் கொண்டுவர்ற புது ஆபத்தும் இதுதான்.

சின்னத் தீயை அணைச்சுகிட்டே இருந்தா

காட்டுத் தீ பத்தி ஒரு பழைய பாடம். எல்லாச் சின்னத் தீயையும் உடனே அணைச்சா, காஞ்ச சருகும் விறகும் சேர்ந்துகிட்டே போகும். ஒரு நாள் பிடிக்கிற தீயை யாராலும் அணைக்க முடியாது. இயன் டாப்சன், பெஞ்சமின் கரேராஸ், டேவிட் நியூமேன் மூணு பேரும் மின்தடைகள்லயும் இது மாதிரி ஒரு ஆபத்து இருக்கறதைக் காட்டினாங்க. சின்னத் தடைகளை மட்டும் குறைச்சுகிட்டே, அந்தத் தைரியத்துல கிரிட்டை விளிம்பு வரைக்கும் ஓட்டினா, பெரிய தடையோட வாய்ப்பு கூடலாம்.

2012-க்கு இது பொருந்துது. அதிர்வெண் சரியிறப்ப சில பகுதிகளைத் தானாத் துண்டிச்சு மொத்தத்தைக் காப்பாத்துற ரிலேக்கள் அப்பவும் இருந்தன. அவை எதிர்பார்த்த அளவு வேலை செய்யலன்னு விசாரணைக் குழு சொன்னது. சில ஊர்கள்ல சில மணி நேரம் வரவேண்டிய இருட்டு வரல. அதுக்குப் பதிலா 60 கோடிப் பேருக்கு வந்தது.

உவமை எங்க உடையுது?

இப்ப கஷ்டமான பகுதி. காட்டுல ஒரு மான் செத்தா காடு தோத்ததா அர்த்தம் இல்ல. ஒரு இனமே போனாலும் அந்த இடத்தை இன்னொண்ணு நிரப்பும். காடு தாங்குதுன்னு நாம சொல்றப்ப, அதுக்குள்ள யாரெல்லாம் செத்தாங்கன்னு எண்ணுறதில்ல.

கிரிட்ல எண்ணியே ஆகணும். "சின்னத் தீ எரியட்டும்"னு சொன்னா, யாரோட வீட்டுல? எந்த ஃபீடரை முதல்ல துண்டிக்கிறதுன்னு ஒரு பட்டியல் எங்கயோ இருக்கு. அந்தப் பட்டியலைப் பரிணாமம் எழுதல, மனுஷங்க எழுதினாங்க. தலைநகரம் கடைசியிலயும் கிராமம் முதல்லயும் இருந்தா, அது இயற்கையோட விதி இல்ல, ஒரு முடிவு. அதே மாதிரி, பாதி காலியா ஓடுற லைனுக்கான செலவு எல்லாரோட கட்டணத்துலயும் வரும். பலன் எல்லாருக்கும் சமமா வருதான்னு தனியாக் கேக்கணும். இதுக்கு எந்த இலையும் எந்த முதலையும் பதில் சொல்லாது.

அதனால காட்டுகிட்ட இருந்து நான் எடுத்துக்கிறது விடையை இல்ல, நாலு கேள்விகளை. அடுத்த தடவை ஒரு பெரிய மின்தடைச் செய்தி வந்தா இதைக் கேட்டுப் பாருங்க: மாற்று வழி இருந்ததா? அந்த வழியில காலி இடம் இருந்ததா? அடி பரவாம இருக்கத் தடுப்பு இருந்ததா? எல்லாம் ஒரே மாதிரி நடந்துகிட்டதா? இந்த நாலுக்கும் இன்ஜினியர்கள் பதில் சொல்லலாம். அஞ்சாவதா ஒண்ணு மிச்சம் இருக்கும்: யாரை முதல்ல இருட்டுல விட்டாங்க, ஏன்? அதுக்கான பதிலை நாமதான் கேட்டு வாங்கணும்.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.